ஒரே போர், மூன்று பெயர்: காலவரிசை அட்டவணையில் எதைப் போடுவது?

பக்கத்துளி கேட்டது:

இருபதாம் நூற்றாண்டின் போர்கள், ஆட்சி மாற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற மாதிரி தமிழில் ஒரு காலவரிசை அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தேதி, இடம், இரண்டு வரி விளக்கம், அவ்வளவுதான். தேதியும் இடமும் எப்படியோ கிடைத்துவிடுகின்றன, தலைப்புதான் உதைக்கிறது.

1971-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்திய-பாகிஸ்தான் போர்’ என்று போட்டால் வங்கதேசத்தவர் ‘அப்போ நாங்கள் எங்கே?’ என்று கேட்பார்கள். அவர்களுக்கு அது விடுதலைப் போர், ‘முக்திஜுத்தோ’. பாகிஸ்தானில் அதே டிசம்பர் 16 ‘சுகூத்-ஏ-டாக்கா’, அதாவது டாக்காவின் வீழ்ச்சி. அடுத்து 1975 ஏப்ரல் 30, வடவியட்நாம் படை தென்வியட்நாமின் தலைநகர் சைகோனைப் பிடித்த நாள். மேற்கத்திய புத்தகங்களில் ‘சைகோனின் வீழ்ச்சி’, வியட்நாமில் தெற்கு விடுதலையான நாள் என்று அரசு விடுமுறை, அங்கிருந்து தப்பி அமெரிக்கா போய்க் குடியேறிய தென்வியட்நாம்காரர்களுக்கு ‘கறுப்பு ஏப்ரல்’. மூன்றுமே நடந்ததைத்தான் சொல்கின்றன, எதையும் பொய் என்று தள்ள முடியவில்லை.

யாருடைய பெயரையும் எடுக்காமல் நடுநிலையாக ஒரு சொல் இருக்கிறதா? இல்லை வெறும் ஆண்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடலாமா? அப்புறம், இது உண்மையிலேயே இவ்வளவு யோசிக்க வேண்டிய விஷயமா, இல்லை நான்தான் நுணுக்கிக்கொண்டிருக்கிறேனா?

---

ஓலைக்கட்டு:

யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நீங்கள் யோசிக்கிற இடத்தில் இல்லை. ‘வீழ்ச்சி’யா ‘விடுதலை’யா என்கிற சண்டை கண்ணுக்குத் தெரிகிற சண்டை, படிக்கிறவர் உடனே உஷாராகிவிடுவார். தெரியாமல் நடக்கிற வேலை வேறொன்று: பெயர் வைக்கும்போதே கதை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறோம்.

உங்கள் 1971-க்கே வருவோம். ‘இந்திய-பாகிஸ்தான் போர்’ என்று எழுதினால் அது டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் முடிகிறது, ஏறக்குறைய இரண்டு வாரம். ‘விடுதலைப் போர்’ என்று எழுதினால் மார்ச் கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம். முதல் பெயரில் அந்த ஒன்பது மாதத்துப் படுகொலைகளும், எல்லை தாண்டி வந்த அகதிகளும் போருக்கு முன்னால் வரும் ‘பின்னணி’ ஆகிவிடுகிறார்கள். இரண்டாவதில் அவர்கள்தான் போரே. 2024 டிசம்பர் 16 அன்று இந்தியப் பிரதமர் வெற்றி நாள் வாழ்த்துப் பதிவு போட்டார், அதில் வங்கதேசத்தின் பெயர் இல்லை என்று டாக்காவில் இடைக்கால அரசின் ஆலோசகரே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். பதிவில் பொய்யான தகவல் எதுவும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. விட்டுப்போன பெயர்தான் பிரச்சினை.

சீனாவில் இது இன்னும் அப்பட்டம். ஜப்பானுக்கு எதிரான போரை அங்கே பல்லாண்டுகளாக ‘எட்டாண்டு எதிர்ப்புப் போர்’ என்றார்கள். 1937 ஜூலை 7-இல் மார்க்கோ போலோ பாலத்தருகே நடந்த மோதலிலிருந்து கணக்கு. 2017 தொடக்கத்தில் கல்வி அமைச்சகம் பாடநூல்களில் அதைப் ‘பதினான்காண்டு’ என்று மாற்றச் சொன்னது. இப்போது கணக்கு 1931 செப்டம்பர் 18-இலிருந்து, அதாவது சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவை ஜப்பான் பிடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து. புதிதாக எந்த ஆவணமும் தோண்டி எடுக்கப்படவில்லை, 1931-இல் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணை மாற்றியதும் போரின் முகம் மாறிவிட்டது, வடகிழக்கில் ஆரம்பத்திலேயே சண்டையிட்ட கம்யூனிஸ்டுப் படைகள் கதையின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன.

ரஷ்யாவின் ‘மாபெரும் தேசபக்தப் போர்’ இதற்கு நேர் எதிர்த் திசை. அது 1941 ஜூன் 22-இல்தான் தொடங்குகிறது. அப்படித் தொடங்கினால் 1939 செப்டம்பர் 17-இல் சோவியத் படை கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தது அந்தப் போருக்குள் வரவே வராது. போலந்துக்காரருக்கோ அந்த நாள் இல்லாமல் இரண்டாம் உலகப் போரே கிடையாது. ஃபின்லாந்தைப் பாருங்கள், 1941 முதல் 1944 வரை சோவியத்தோடு நடந்த சண்டைக்கு ‘தொடர்ச்சிப் போர்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். எதன் தொடர்ச்சி? 1939-40 குளிர்காலத்தில் சோவியத் தங்கள் மேல் படையெடுத்ததன் தொடர்ச்சி. இந்தத் தடவை ஜெர்மனியோடு சேர்ந்து இறங்கினார்கள் என்ற சங்கடத்தை அந்த ஒற்றைச் சொல் பாதி கழுவிவிடுகிறது. கெட்டிக்காரப் பெயர்.

அதனால் தலைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் தொடக்கத் தேதிக் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். தலைப்பில் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பீர்கள்.

---

நேர்கோடு:

எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயரை மாற்றினால் செத்தவன் எழுந்து வரப்போகிறானா? யார், எங்கே, எத்தனை பேரை, யார் உத்தரவில் கொன்றார்கள் என்பதை ஆவணத்தோடு எழுதுங்கள், மேலே என்ன பெயர் இருந்தால் என்ன. அரசு மாறினால் பெயரும் மாறும், அதிகாரம் வைத்திருக்கிறவன் ஒட்டுகிற சீட்டு அது. சீட்டைப் பார்த்துச் சண்டை போடுவது வேலையற்றவர் வேலை. ஆண்டை மட்டும் போடுங்கள், முடிந்தது.

---

மேசைவிளக்கு:

நேர்கோடு, ‘சீட்டுதானே’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அந்தச் சீட்டைக் காட்டித்தான் பணமும் சட்டமும் நகர்கின்றன. சில இடங்களில் பெயரை வைத்ததே அதற்காகத்தான்.

அல்ஜீரியாவைப் பாருங்கள். 1954 நவம்பர் 1-இல் தொடங்கி 1962 வரை நடந்தது, பிரான்ஸ் லட்சக்கணக்கில் ராணுவத்தினரை அனுப்பியது, ஆனால் அதிகாரப்பூர்வமாக அது போர் இல்லை. ‘அல்ஜீரிய நிகழ்வுகள்’, ‘ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கைகள்’ இப்படித்தான் எழுதினார்கள். ஏனென்றால் அவர்கள் சட்டப்படி அல்ஜீரியா வேறு நாடே இல்லை, பிரான்சின் மாவட்டங்கள். போர் என்று சொன்னால் எதிரே இன்னொரு தரப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சரி, அங்கே போய்ச் சண்டை போட்டு ஊர் திரும்பிய பிரெஞ்சு இளைஞன் என்ன ஆனான்? போரே நடக்கவில்லை என்றால் அவன் போர்வீரனும் இல்லை. முன்னாள் போராளி என்ற அட்டைக்கே 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் ‘அல்ஜீரியப் போர்’ என்ற சொற்கள் ஏறியது 1999 அக்டோபர் 18-இல். போர் முடிந்து முப்பத்தேழு ஆண்டு கழித்து ஒரு நாடாளுமன்றம் உட்கார்ந்து ‘ஆமாம், அது போர்தான்’ என்று சட்டம் போடுகிறது! இதை வேலையற்றவர் வேலை என்பீர்களா? அல்ஜீரியாவில் அது தொடக்கத்திலிருந்தே ‘புரட்சி’, அங்கே இந்தக் குழப்பமே இல்லை.

மலாயாவில் 1948 முதல் 1960 வரை பிரிட்டன் கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு நடத்தியது ‘அவசரகாலம்’. பன்னிரண்டு ஆண்டு அவசரம்! போர் என்று அறிவித்தால் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் ஆன சேதத்துக்கு லண்டன் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தராது என்பதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். எதிர்த் தரப்பில் அதன் பெயர் ‘பிரிட்டிஷ் எதிர்ப்பு தேசிய விடுதலைப் போர்’. அந்தக் காலத்தில் காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்துக் கொண்டுபோய் முள்வேலிக்குள் வைத்தார்கள், பெரும்பாலும் சீனர்கள். அந்த இடங்களுக்கு என்ன பெயர் தெரியுமா? ‘புதுக்கிராமம்’. பெயரை மட்டும் படித்தால் குடியேற்றத் திட்டம் என்றுதான் நினைப்போம்.

1937-இல் சீனாவுக்குள் படை இறக்கிய ஜப்பானும் போர் அறிவிக்கவில்லை, ‘சீனச் சம்பவம்’ என்றது. அறிவித்தால் அமெரிக்காவின் நடுநிலைமைச் சட்டப்படி ஆயுதமும் சரக்கும் வருவது நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால் அதே காரணத்துக்காகச் சீனாவும் 1941 டிசம்பர் வரை போர் அறிவிக்கவில்லை. இரண்டு தரப்பும் சேர்ந்து போர் என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டே லட்சக்கணக்கில் செத்தார்கள்.

எல்லாவற்றிலும் கனமானது ‘இனப்படுகொலை’. சட்ட அறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-இல் உருவாக்கிய சொல், 1948-இல் ஐ.நா. உடன்படிக்கையானது, கையெழுத்திட்ட நாடுகளுக்கு அதைத் தடுக்கும் கடமை வந்தது. 1994 ஜூனில் ருவாண்டாவில் கொலை நடந்துகொண்டிருக்கும்போது அமெரிக்க வெளியுறவுத் துறைப் பேச்சாளர் செய்தியாளர் முன் நின்று, அங்கே ‘இனப்படுகொலைச் செயல்கள்’ நடந்திருக்கின்றன என்கிறார், ‘இனப்படுகொலை’ என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஒரு இனப்படுகொலை ஆகும் என்று ஒரு நிருபர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை என்றார் அவர். ‘செயல்கள்’ என்று பின்னால் ஒட்டிய அந்த ஒரு சொல்தான் ஒரு வல்லரசின் கடமையைத் தள்ளிப்போட்டது. செத்தவன் எழுந்து வரமாட்டான்தான், ஆனால் அன்றைக்கு இன்னும் சாகாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

---

நேர்கோடு:

ருவாண்டா விஷயம் சரி. ஆனால் அது நடந்துகொண்டிருந்த கொலை. இங்கே கேள்வி பழைய வரலாற்றைப் பற்றி, அதில் பெயர் என்ன செய்துவிடும்?

---

ஓலைக்கட்டு:

நாஜி ஜெர்மனி சரணடைந்த 1945 மே 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மனியில் ரொம்பக் காலம் அதைச் ‘சரணாகதி’ என்றோ ‘நிலைகுலைவு’ என்றோதான் சொன்னார்கள். நாற்பதாம் ஆண்டு நினைவில், 1985-இல், குடியரசுத் தலைவர் வைஸ்ஸேக்கர் நாடாளுமன்றத்தில் அதை ‘விடுதலை நாள்’ என்றார். அவர் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. தோற்றவனைப் பார்த்து நீ விடுதலையானாய் என்றால் என்ன அர்த்தம்? உன்னை ஆண்டவன்தான் உன் எதிரி என்று அர்த்தம். அதை ஏற்றுக்கொள்ள ஒரு தலைமுறை போக வேண்டியிருந்தது.

இதிலேயே இன்னொரு சங்கதி. கிழக்கு ஜெர்மனி அதே நாளை 1950-லிருந்தே அரசு முறையில் ‘விடுதலை நாள்’ என்று கொண்டாடியது. ஒரே சொல்தான். ஆனால் அங்கே அது ‘நாம் ஜெயித்தவர் பக்கம், நாஜிகள் எல்லாம் மேற்கே’ என்று சொல்லிப் பொறுப்பைக் கைகழுவ உதவியது, மேற்கே அதே சொல் பொறுப்பை ஏற்க வைத்தது. அதனால் ‘இந்தச் சொல் நல்லது, அந்தச் சொல் கெட்டது’ என்று பட்டியல் போட்டு வைக்கவும் முடியாது. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானிலும் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 15-ஐ அங்கே பொதுவாகப் ‘போர் முடிந்த நாள்’ என்பார்கள், ‘தோற்ற நாள்’ என்று சொல்பவர்கள் குறைவு. பேரரசரின் அன்றைய வானொலி உரையிலேயே சரணடைதல் என்ற சொல் நேரடியாகக் கிடையாது. அதே நாள் கொரியாவில் ‘ஒளி மீண்ட நாள்’. மழை நின்றது என்பதுபோலப் போரும் தானாக நின்றுவிட்டது என்கிற தொனி ஒரு பக்கம், விலங்கு உடைந்தது என்கிற தொனி இன்னொரு பக்கம்.

---

வடகரை:

நான் ஈழத்து ஆள். இதை வாசிக்கேக்க எனக்குத் தோன்றியதை மட்டும் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் பெயர்ச்சொல்லைப் பற்றியே கதைக்கிறீர்கள், வினைச்சொல்லையும் கொஞ்சம் பாருங்கோ.

‘உயிரிழந்தனர்’ என்று எழுதினால் கொன்ற ஆள் இல்லை. ‘கொல்லப்பட்டனர்’ என்றால் யாரோ ஒருவன் இருக்கிறான், ஆனால் பெயரில்லை. ‘ராணுவம் கொன்றது’ என்றால்தான் வசனம் முழுசாகிறது. ‘குண்டுகள் விழுந்தன’ என்று எத்தனை செய்தி வாசித்திருப்போம், குண்டு என்ன பழுத்தா விழுகிறது? கொன்றது எங்கடை ஆக்களாக இருந்தாலும் இதே விதிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுவாய் இல்லாமல் வசனம் எழுதுவது மிகச் சுகம், அதுதான் வசதியாகப் போய்விட்டது.

பெயர் என்று பார்த்தால், 1983-ஐ ‘இனக் கலவரம்’ என்று இன்றைக்கும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கலவரம் என்றால் இரண்டு பகுதியும் அடிபட்டது என்றுதான் விளங்கும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு தேடி வந்ததைக் கலவரம் என்பதா? எங்களுக்கு அது ‘கறுப்பு யூலை’. 2009-இன் கடைசிக் கட்டம் அரசாங்கத்துக்கு ‘மனிதாபிமான நடவடிக்கை’. மே 19 அவர்களுக்கு வெற்றி நாள், மே 18 எங்களுக்கு முள்ளிவாய்க்கால் நினைவு நாள், ஒரு நாள்தான் வித்தியாசம். 2015-இல் ஆட்சி மாறியதும் ‘வெற்றி’யை எடுத்துவிட்டு ‘நினைவு’ நாள் என்றார்கள், அதற்கே தெற்கில் எதிர்ப்பு. 2022-இல் கனடா நாடாளுமன்றம் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாள் என்று ஏற்றபோது கொழும்பிலிருந்து உடனே மறுப்பு வந்தது. பெயரில் ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு கோபம் ஏன் வருகிறது?

---

குறுக்குக்கேள்வி:

நாட்டுக்கு நாடுதான் என்றில்லை, ஒரே நாட்டுக்குள்ளும் உண்டு. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் டாங்கிகளோடு, நிஜாம் ஆண்டுகொண்டிருந்த ஹைதராபாத்துக்குள் போனது, ஐந்து நாளில் முடிந்தது, பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. போலீஸ் என்று சொன்னால் உள்நாட்டு விவகாரம், ஐ.நா.வுக்கு வேலையில்லை. (இரண்டு ஆண்டு கழித்து ட்ரூமனும் கொரியப் போரைப் போலீஸ் நடவடிக்கை என்பதை ஒப்புக்கொண்டார். போலீஸ்காரர்கள் பாவம்.)

இப்போது அதே செப்டம்பர் 17-ஐ மத்திய அரசு ‘ஹைதராபாத் விடுதலை நாள்’ என்கிறது. தெலங்கானா அரசு 2022-இல் ‘தேசிய ஒருமைப்பாட்டு நாள்’ என்றது, அடுத்து வந்த ஆட்சி 2024-இல் ‘மக்களாட்சி நாள்’ என்கிற மாதிரி மாற்றிவிட்டது. ஒரே ஊரில், ஒரே காலையில், ஆளுக்கொரு மேடை போட்டுக் கொடியேற்றுகிறார்கள். விடுதலை என்றால் யாரிடமிருந்து என்ற கேள்வி வரும், ஒருமைப்பாடு என்றால் வராது.

---

பக்கத்துளி:

எல்லோருக்கும் நன்றி. வெறும் ஆண்டு போடும் யோசனையைக் கைவிட்டேன், ஓலைக்கட்டு சொன்னபடி ஆண்டுக்குள்ளேயே வம்பு இருக்கிறது.

இப்படிச் செய்யலாமா: தலைப்பில் இடமும் காலமும் மட்டும். ‘கிழக்குப் பாகிஸ்தான் / வங்கதேசம், 1971 மார்ச்-டிசம்பர்’ என்கிற மாதிரி. பக்கத்தில் ‘யார் எப்படி அழைக்கிறார்கள்’ என்று தனிக் கட்டம். எல்லாப் பெயரும் அதில் வந்துவிடும்.

---

மேசைவிளக்கு:

நல்ல யோசனைதான், ஆனால் ஓர் ஆபத்து. எல்லாப் பெயரையும் வரிசையாக அடுக்கினால் எல்லாமே ஒரே எடை என்று தோன்றும். ஒட்டோமான் துருக்கியில் ஆர்மேனியர்களைக் கொன்று குவித்த 1915-க்கு ‘ஆர்மேனிய இனப்படுகொலை’, ‘1915 நிகழ்வுகள்’ என்று இரண்டையும் அருகருகே வைத்தால் ஏதோ இரண்டு அபிப்பிராயம் மாதிரி இருக்கும். வரலாற்றாய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் முதலாவதைத்தான் சொல்கிறார்கள், இரண்டாவது துருக்கி அரசின் நிலைப்பாடு. ஒபாமா தேர்தலுக்கு முன் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லைச் சொல்வேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பதவியில் இருந்த காலம் முழுக்க ‘மெட்ஸ் யெகெர்ன்’ (பெரும் பேரழிவு) என்று ஆர்மேனிய மொழியிலேயே சொல்லிச் சமாளித்தார். 2021-இல் பைடன் சொன்னார். 2016-இல் ஜெர்மனி நாடாளுமன்றம் அதைச் சொல்லித் தீர்மானம் போட்டதும் துருக்கி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதனால் அந்தக் கட்டத்தில் ‘அரசு’, ‘ஆய்வாளர்’, ‘பாதிக்கப்பட்டவர்’ என்று யார் வாய்ச்சொல் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

---

நேர்கோடு:

அந்தக் கட்டத்தோடு, அந்தப் பெயர் எந்த ஆண்டிலிருந்து புழக்கத்தில் வந்தது என்றும் போட்டுவிடுங்கள். சீனாவின் பதினான்கும் பிரான்சின் 1999-உம் அப்போதுதான் தெரியும். சீட்டு ஒட்டுகிறவன் கையும் தெரியட்டும்.

---

வடகரை:

விளக்கம் இரண்டு வரி என்றீர்கள். அந்த இரண்டு வரியிலும் எழுவாய் இருக்கட்டும்.

---

பக்கத்துளி:

சரி, 1971-ஐ இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: “மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் பொதுமக்கள் மீது தாக்குதல் தொடங்கியது. டிசம்பர் 3-இல் இந்தியா நேரடியாகப் போரில் இறங்கியது. டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை, இந்திய-வங்கதேசக் கூட்டுப் படையிடம் சரணடைந்தது.”

---

குறுக்குக்கேள்வி:

‘டிசம்பர் 3-இல் பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமானத் தளங்களைத் தாக்கியது’ என்பதை விட்டுவிட்டீர்கள், இந்தியாக்காரர் அடிக்க வருவார். நவம்பரிலேயே இந்தியப் படை எல்லை தாண்டிச் சண்டையிட்டதை எழுதாவிட்டால் பாகிஸ்தான்காரர் வருவார். வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினி எங்கே என்று வங்கதேசத்தவர். இரண்டு வரி போதாது, நான்காக ஆக்குங்கள்.